மாமாவின் பட்டறைக் கணக்கு

மாமா தம்முடைய மோட்டார்சைக்கிள் பட்டறையை மூடியபோது கருவிகளைக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். கம்ப்ரசர் ஒருவருக்கு, டயர் கழற்றும் இயந்திரம் இன்னொருவருக்கு என்று இரண்டே நாளில் எல்லாம் போய்விட்டன. யாரும் கேட்காமல் மிஞ்சியவை ஆறு பிஸ்கட் டின்கள். அவற்றை நான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். உள்ளே 1978 முதல் 2023 வரை அவர் கிழித்துக் கொடுத்த ரசீதுகளின் கார்பன் நகல்கள். 1984, 1985 ஆண்டுகளின் புத்தகங்கள் மட்டும் இல்லை. கூரை ஒழுகிய ஒரு டிசம்பர் மழையில் கூழாகிப்போயின. மற்றவற்றில் மை மங்கியிருந்தாலும் எழுத்து தெரிகிறது. மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1992-இல் நான் உயர்நிலை ஒன்றாம் வகுப்பில் படித்தேன். அந்த ஆண்டு முதல் சனிக்கிழமைகளில் ரசீது எழுதும் வேலை எனக்கு. அதற்கு முன்பு அத்தை எழுதினார். ஒவ்வொரு ரசீதிலும் மூன்றே விவரம்: வண்டி எண், செய்த வேலை, தொகை. ஆளின் பெயர் இருக்காது. சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் எண்கள் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். மாமாவுக்கு மனிதர்கள் எல்லாரும் அந்த எண்களாகத்தான் நினைவில் நின்றார்கள். தேக்கா சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, நாலடி நடந்தபின் என்னிடம் வண்டி எண்ணைச் சொல்லி, "கிளட்ச் வழுக்கும் வண்டி. நல்ல பையன்" என்பார்.

வேலை என்ற கட்டத்தில் மறுபடி மறுபடி வரும் சொல் 'சத்தம்'. "சத்தம், பார்த்தது, 5 வெள்ளி." வெள்ளி என்று இங்கே டாலரைச் சொல்வோம். எங்கிருந்தோ ஒரு சத்தம் வருகிறது என்று வண்டிக்காரர் வந்து நிற்பார். மாமா அந்த வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வருவார். சைலன்சரைப் பிடித்திருக்கும் நட்டு ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது செயின் ஒரு பக்கம் தொங்கியிருக்கும். இரண்டு நிமிட வேலை. பல ரசீதுகளில் "சத்தம், பார்த்தது" என்பதற்கு நேரே தொகை இடத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது. காசு வாங்காததற்கு எதற்கு ரசீது என்று ஒருமுறை கேட்டேன். "அந்த வண்டி இன்னொரு தடவை அதே சத்தத்தோடு வந்தால், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

வண்டி விற்பவர்களின் வரலாறு விளம்பரங்களில் இருக்கிறது. பழுதுபார்த்தவர்களின் வரலாறு இந்த மாதிரி டின்களில் கிடந்து செல்லரித்துப்போகிறது. எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மாமா தொழில் கற்றது செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில். 1967-இல், பதினாறு வயதில், பட்டறை உதவியாளாகச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்துவிட்டது; 1971 முடிவதற்குள் பெரும்பாலான படைகள் போய்விட்டன. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் கைக்கு வந்தவை அதிகாரிகள் வைத்திருந்த பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன் வண்டிகள். அவற்றுக்கென்றே தனி அளவு ஸ்பேனர்கள் உண்டு, விட்வொர்த் என்று பெயர். அந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டுத் தண்டின் விட்டத்தைச் சொல்லும். நாம் பிடித்துத் திருகும் தலையின் அகலத்தைச் சொல்லாது. புதிதாக வருகிறவர் நிச்சயம் குழம்புவார். மாமாவும் குழம்பியிருக்கிறார், மண்டையில் குட்டும் வாங்கியிருக்கிறார்.

தளம் போயிற்று, வேலையும் போயிற்று. ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மோட்டார்சைக்கிள் கடையில் சேர்ந்தார். அங்கே முதல் நாளே விட்வொர்த் ஸ்பேனர்கள் எதற்கும் ஆகவில்லை. கடை முழுக்க ஜப்பானிய வண்டிகள், எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு: 8, 10, 12, 14, 17. இந்த ஐந்து எண்கள் இருந்தால் ஹோண்டா கப் ஒன்றை முழுதாகப் பிரித்துவிடலாம் என்பார். பிரிட்டிஷ் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். ஹோண்டா நின்ற இடம் துடைத்தது போல் இருக்கும். அந்த வித்தியாசம் அவரை உலுக்கிவிட்டது. நான்கு ஆண்டுகள் தெய்வமாக நினைத்த வண்டிகளைப் பற்றி மனத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று அத்தை சொல்வார்.

ஹோண்டாவை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. பஸ் கழுவும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கி, மெக்கானிக்காகி, பஸ் நிறுவன முதலாளியானவர். 1958-இல் ஜப்பானுக்குப் போனபோது அங்கே புதிதாக வந்திருந்த சூப்பர் கப் வண்டியைப் பார்த்து, அதை விற்கும் உரிமையை வாங்கிவந்தார். அவருடைய பெயரே வண்டிக்குப் பெயராகி, பூன் சியூ ஹோண்டா என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மாமா அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். பணத்துக்காக அல்ல. "கையில் கிரீஸ் பட்டவர். வண்டியைப் பார்த்தவுடன் இது உழைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டாரே, அது கணக்குப் படித்தவருக்கு வராது" என்பார். கணக்குப் படித்த நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

தவுக்கேயிடம் ஏழு ஆண்டுகள். அவருடைய சீன மொழியான ஹொக்கியன் பேசக் கற்றார். 1978-இல் அதே வட்டாரத்தில் ஒரு பின்சந்தில் சொந்தமாகத் தொடங்கினார். பின்சந்துத் தொழில்களை எல்லாம் தொழிற்பேட்டைகளுக்கு மாற்றிய காலம் அது. 1987-இல் அவரும் ஊபிக்குப் போனார். தவுக்கே கடையில் உடன் வேலை பார்த்த ஒரு சீனரும் அவரோடு வந்துவிட்டார். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஆயுத பூஜை அன்று ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக அடுக்குகிறவர் அவர்தான். சந்தனம் வைப்பது மாமா.

இனி, இந்த டின்களைத் திறந்தபின் நான் புரிந்துகொண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் 1990 மே மாதம் முதல் புதிய வண்டி வாங்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். எல்லாரும் சிஓஇ என்போம். ஏலத்தில் எடுக்க வேண்டும், ஆயுள் 10 ஆண்டு. மோட்டார்சைக்கிள்களுக்கு டி பிரிவு என்று தனி ஒதுக்கீடு. பத்தாண்டு முடிந்ததும் அப்போதைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வண்டியைக் கழித்துவிட வேண்டும். இந்தச் சிறிய தீவில் சாலைகள் ஓடுவதற்கு இப்படி ஒரு கட்டுப்பாடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மாமாவும் மறுத்ததில்லை.

ஆனால் ரசீதுகளை ஆண்டுவாரியாகக் கூட்டிப் பார்த்தபோது ஒரு தலைகீழ்க் கணக்கு தெரிந்தது. சிஓஇ விலை இறங்கிய ஆண்டுகளில் மாமாவின் வருமானம் குறைந்திருக்கிறது. ஏறிய ஆண்டுகளில் கூடியிருக்கிறது. யோசித்தால் காரணம் எளிது. சான்றிதழ் மலிவாக இருந்தால் பத்து வயது வண்டியை யாரும் பழுதுபார்க்க மாட்டார்கள், புதிது வாங்கிவிடுவார்கள். விலை ஏறினால் பழையதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டும். 2010 வாக்கில் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியாக இருந்த மோட்டார்சைக்கிள் சான்றிதழ் 2022-இல் 12,000 வெள்ளியைத் தாண்டியது. சிறிய வண்டி ஒன்றின் சொந்த விலையைவிட இது அதிகம். அந்த 2022-தான் பட்டறையின் கணக்கில் மிகக் கனத்த புத்தகம். வண்டிகள் மூப்படைய மூப்படைய அவருக்கு வேலை இருந்தது. புதிய வண்டிக்கு எண்ணெய் மாற்ற யாராலும் முடியும். பதினைந்து வயது வண்டியின் வாயைத் திறந்து பார்க்க அவர் வேண்டியிருந்தது.

ஒரே ஒரு முறை அவர் விற்பனையில் கை வைத்தார். 1990களின் நடுவில், தெரிந்த மூன்று பேருக்குப் புதிய வண்டி வாங்கித் தருவதாக விலை பேசி முன்பணம் வாங்கினார். அப்போது ஏலம் மூடிய முறையில் நடந்தது, மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாது. திறந்த ஏலம் 2002-இல்தான் முழுமையாக வந்தது. இரண்டு முறை கேட்டும் சான்றிதழ் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கிடைத்தபோது விலை அவர் பேசியதைத் தாண்டியிருந்தது. வித்தியாசத்தைத் தம் கையிலிருந்து கட்டினார். அத்தையின் இரண்டு வளையல் அதில் போனது. இந்த இழப்புக்கு ரசீதும் கிடையாது, புத்தகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. அத்தை சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகும் ஏலம் முடியும் புதன்கிழமை மாலை 4 மணிக்கு யாராவது முடிவைச் சொன்னால் மாமா கேட்டுக்கொள்வார், விவசாயி மழைச் செய்தியைக் கேட்பது போல.

சட்டம் மாறியதெல்லாம் ரசீதில் தெரிகிறது. 1995 நவம்பர் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'முன்விளக்கு பல்பு', 'பேட்டரி', 'பல்பு'. என் கையெழுத்துதான். அந்த மாதம் 1-ஆம் தேதி முதல் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று விதி வந்தது. புதிய வண்டிகள் தாங்கின. 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய பழைய கப் வண்டிகள் பகல் முழுக்க விளக்கைச் சுமக்க முடியாமல் திணறின. செய்தித்தாள் போடும் ஒரு தாத்தா வாரம் தவறாமல் பல்பு மாற்ற வருவார். நான்காவது வாரம் மாமா அந்த வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு 12 வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். ரசீதில் 'வயர் வேலை' என்று எழுதச் சொன்னார். தொகை இடத்தில் கோடு.

மாமாவின் உயிர் யமஹா ஆர்எக்ஸ்இசட். 133 சிசி, காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். எங்கள் தலைமுறையில் தேசிய சேவை முடித்து வந்த பையன்கள் பலருக்கும் அதுதான் முதல் வண்டி. 200 சிசி வரை ஓட்ட 2பி உரிமம் போதும் என்பதால் அந்த உரிமத்துக்குள் கிடைத்த வேகமான வண்டிகளில் ஒன்று. நான் 2பி எடுத்ததும் இதன் ஆசையால்தான்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். அதனால் இன்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது என்பதை ஸ்பார்க் பிளக்கின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மாமா இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் மறக்காது. ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டில் ஐந்து பிளக்குகளைப் பரப்பிவைத்தார். "எது ஆரோக்கியம்?" என்றார். ஒன்று கரிக்கட்டை போல் கறுத்து ஈரமாக இருந்தது: பெட்ரோல் அதிகம், அல்லது எண்ணெய் அதிகம். ஒன்று சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது: காற்று அதிகம், இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளப்போகிறது. இடையில் ஒன்று, பால் குறைவாக ஊற்றிய காப்பியின் நிறம். அதுதான் சரி. "கறுத்தால் காசு செலவு. வெளுத்தால் உயிருக்கே ஆபத்து. வேகமாக ஓடும்போது பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் சந்தேகம் இருந்தால் கறுப்பு பக்கமே சாய்ந்து வை" என்றார். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை ஒரு எண் பெரிதாகப் போடுவார், அனுப்புவார், ஒரு சுற்று போய்வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அவர் கண்ணாடி போட்ட பிறகு அந்த நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

2003 ஜூலை முதல் புதிதாகப் பதியும் மோட்டார்சைக்கிள்கள் யூரோ 1 புகைத் தரத்துக்கு உட்பட வேண்டும் என்றானதும் அந்த இன்ஜின்களின் காலம் முடிந்தது. புகை கெடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. சைலன்சரில் கரி சுரண்டி வளர்ந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஊபி ஆண்டுகளில் பட்டறைக்கு மிகப் பெரிய போட்டி பக்கத்துக் கடைகள் அல்ல, எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாரு. கடற்பாலத்தைத் தாண்டினால் கூலி மலிவு. முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தால்தான் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்டலாம் என்ற விதி பெட்ரோலுக்குத்தான். செயினுக்கும் டயருக்கும் எந்த விதியும் இல்லை. சனிக்கிழமை அந்தப் பக்கம் போய் சாப்பிட்டு, டயர் மாற்றி, திரும்பி வருவார்கள். மாமா கோபப்பட்டதில்லை. அங்கே மாற்றிய டயரில் வால்வு கசிகிறது என்று திங்கட்கிழமை அவரிடமே வந்து நிற்பார்கள். "சத்தம், பார்த்தது."

2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2019 நவம்பர் 5 முதல், நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்திருந்தது. அதில் உணவு விநியோகம் செய்துகொண்டிருந்தவர்களில் பலர் 2பி எடுத்து மோட்டார்சைக்கிளுக்கு மாறினார்கள். இந்த இரண்டும் சேர்ந்து, முடியப்போகிறது என்று நாங்கள் நினைத்திருந்த பட்டறைக்குப் புது வாழ்வு கொடுத்தன. நோய்த்தொற்றுக் காலத்தைப் பற்றி நன்றி உணர்வோடு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ரசீது எண்களைப் பார்த்தால் 2020 ஜூனிலிருந்து அவை இரட்டிப்பாக ஓடுகின்றன.

விநியோக வண்டி மற்ற வண்டி போல் அல்ல. நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும், நின்று நின்று ஓடும். செயினும் பிரேக் பட்டையும் அரிசி பருப்பு போல் தீரும். பலர் ஓட்டியது பஜாஜ் பல்சர் 200என்எஸ். 199.5 சிசி, 2பி எல்லைக்குள் மயிரிழையில் நிற்கும் அளவு. ஒரே சிலிண்டருக்கு மூன்று பிளக்குகள். இந்தியாவில் செய்த வண்டி என்பதில் மாமாவுக்குச் சொல்லாத பெருமை ஒன்று இருந்தது. மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பார், மூன்று பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையைப் பார்ப்பது போல.

அந்த ஓட்டுநர்களால் வண்டியை இரவு விட்டுப் போக முடியாது. வண்டி நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. ஆறரை மணிக்கு மூடும் பட்டறையை மாமா இரவு பத்து வரை திறந்துவைத்தார், எழுபது வயதில். மதிய உணவு நேரம் முடிந்து இரவு உணவு நேரம் தொடங்கும் வரை, மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் அவர்கள் வருவார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். வேலை முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் எழுப்பாமல் விடுவார்.

அவர்களின் கணக்கு ரசீதில் பாதிதான் இருக்கிறது. மீதி 555 புத்தகத்தில். உள்ளங்கை அளவு கடன் புத்தகம், இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். டின்களின் அடியில் அப்படிப் பதினோரு புத்தகங்கள் கிடந்தன. கொடுத்து முடித்த வரிகளை அடித்திருக்கிறார். அடிக்காத வரிகளைக் கூட்டத் தொடங்கினேன். மாமா புத்தகத்தை வாங்கி மூடிவைத்தார். "வர வேண்டியது வந்துவிட்டது" என்றார்.

2023-இல் மூடியதற்குப் பணம் காரணமில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் வாடகையையும் சிஓஇயையும்தான் கேட்கிறார்கள். அங்கிள் முந்தைய ஆண்டு காலமானார். ஜோகூரிலிருந்து வந்து பட்டறையில் வேலை பார்த்த தம்பிக்கு அங்கேயே நல்ல வேலை கிடைத்தது. மாமாவின் மகன் மருத்துவமனையில் தாதி. நல்ல தாதி, பட்டறைக்கு வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேலை கற்க வந்த இரண்டு பையன்கள் மூன்று மாதம் தாங்கவில்லை. மாமாவின் வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்து, ஸ்பேனர் பிடித்தால் கை நடுங்க ஆரம்பித்தது. கூட்டம் நிறைந்த பட்டறையை, வேலை இருக்கும்போதே மூடினார்.

ஒரு வண்டி மட்டும் மீதம். 1991-இல் பதிவு செய்த அவருடைய சொந்த ஆர்எக்ஸ்இசட், கறுப்பு. 2003 ஜூலைக்கு முன் பதிவான பழைய மோட்டார்சைக்கிள்களை 2023 ஏப்ரல் 5-க்குள் கழித்தால் அரசாங்கம் 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை கொடுத்தது. அந்தக் கடைசி வாரத்தில்கூட நான் நினைவுபடுத்தினேன். "கொடுக்கிறார்கள், நல்லதுதான்" என்றார், அவ்வளவுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் சான்றிதழைப் புதுப்பித்திருந்தார். அதற்குக் கட்டிய தொகை அந்த வண்டியைப் புதிதாக வாங்கியபோது கொடுத்த விலையைவிட அதிகம். எவ்வளவு கட்டினாலும் 2028 ஜூன் 30-க்குப் பிறகு அது சாலையில் ஓட முடியாது. அந்தத் தேதி அவர் வீட்டு நாள்காட்டியின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருக்கிறது.

போன ஞாயிறு காலை ஈசூனில் அவர் அடுக்குமாடிக்குக் கீழே நின்றோம். உதைத்து ஸ்டார்ட் செய்ய அவர் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, நான் உதைத்தேன். மாண்டாய் சாலை வரை போய்வந்தேன். பிளக்கைக் கழற்றித் துணியில் வைத்து அவர் முன் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன நிறம்?" என்றார்.

"காப்பி" என்றேன்.

"பால் கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு படி இறக்கச் சொன்னார். இறக்கினேன். "இப்போது இன்னொரு சுற்று போய் வா."